இரண்டு கண்ணா, ஒற்றைக் கண்ணா?

அரிசோனாவின் தெற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிச் சில மலைகள் இருக்கின்றன. சாந்தா ரீட்டா, சிரிகாவா என்று பெயர்கள். பாலைவனத்தின் நடுவே தீவுகள் மாதிரி எழும்பி நிற்பவை. அடிவாரத்தில் கள்ளி, இடுப்புயரத்தில் காய்ந்த புல்லும் குட்டையான ஓக் மரங்களும், உச்சியில் பைன். டிசம்பர் மாதத்துக் குளிரில், விடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே இரண்டு பேர் ஒரு மேட்டில் வந்து உட்காருகிறார்கள். துப்பாக்கி உறையோடு பக்கத்தில் கிடக்கிறது. அதை யாரும் தொடவில்லை. ஒருவர் முக்காலியை விரித்து, அதன் தலையில் ஒரு பெரிய பைனாகுலரைத் திருகுகிறார். அடியில் ஒரு மெத்தைத் துண்டு. அவ்வளவுதான். அடுத்த நான்கு மணி நேரம் எதிரே இருக்கும் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.

வேட்டை என்றதும் நமக்கு ஓட்டமும் துரத்தலும்தான் ஞாபகம் வரும். இவர்களுடைய வேட்டையில் பெரும்பகுதி உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிறது. இதற்கு அமெரிக்க வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிளாசிங்'. கண்ணாடியால் மலையைத் துழாவுவது.

அவர்கள் தேடுவது 'கூஸ்' மானை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் பரவியிருக்கும் வெண்வால் மானின் பாலைவனத்துத் துணையினம் இது. 19-ஆம் நூற்றாண்டில் ராணுவ மருத்துவராகவும் பறவையியல் அறிஞராகவும் இருந்த எலியட் கூஸ் என்பவரின் பெயரைச் சுமக்கிறது. அவர் குடும்பத்தார் அந்தப் பெயரை 'கவ்ஸ்' என்றுதான் உச்சரித்தார்களாம். வேட்டைக்காரர்கள் கேட்பதாக இல்லை, 'கூஸ்' என்றே நிலைத்துவிட்டது. வளர்ந்த ஆண்கூட 45 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். நம் முதுமலையில் சாலையோரம் நிற்கும் ஆண் புள்ளிமானை அதன் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் மாதிரி தெரியும். நிறமோ, அந்த மலைப் பாறையின் அதே சாம்பல். 'சாம்பல் ஆவி' என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒரு கிலோமீட்டர் தள்ளி, நிழலில், ஓக் மரத்தடியில் படுத்துவிட்டால் அது மானா, கல்லா, காய்ந்த கட்டையா என்று சொல்வது கஷ்டம்.

இந்த ஆவியைத் தேடிப் போகிறவர்களிடம் தீராத ஒரு வழக்கு உண்டு. பையில் பைனாகுலர் போதுமா, ஸ்பாட்டிங் ஸ்கோப்பையும் சுமக்க வேண்டுமா? பைனாகுலர் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இரண்டு கண்ணால் பார்ப்பது. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தடித்த குழல். நட்சத்திரம் பார்க்கும் தொலைநோக்கிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னது பத்து மடங்கு கிட்டத்தில் காட்டினால் பின்னது அறுபது மடங்கு வரை காட்டும். அறுபது பெரிதா, பத்து பெரிதா என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். மலையில் அந்தக் கணக்கு செல்லுபடியாவதில்லை.

எண்ணில் இருக்கிறது சூட்சுமம்

பைனாகுலரின் உடம்பில் 8×42, 10×42, 15×56 என்று ஏதாவது பொறித்திருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு உருப்பெருக்கம் என்பது. இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பதுதான் முக்கியமான மூன்றாவது எண். கடைக்காரர் அதை உங்களிடம் சொல்ல மாட்டார். நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பைனாகுலரைக் கண்ணில் வைக்காமல் கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். கருவி உங்கள் கண்ணுக்குள் அனுப்பும் ஒளியின் அகலம் அது. 8×42-இல் அது 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 10×42-இல் 4.2.

அரையிருட்டில் இளவயதுக்காரரின் கண்பாவை ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதாக ஆகக் குறைந்துகொண்டே வரும். பொட்டு கண்பாவையைவிட ரொம்பச் சிறுத்துவிட்டால் காட்சி மங்கும். 80 மில்லிமீட்டர் முகப்புள்ள ஒரு பெரிய ஸ்கோப்பை அறுபது மடங்குக்குத் திருகினால் பொட்டு 1.3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. நண்பகலில் பரவாயில்லை. ஆனால் மான்கள் நண்பகலில் நடமாடுவதில்லையே. விடிகாலையிலும் அந்தியிலும்தான் மேயும். அதாவது மான் வெளியே வரும் நேரத்தில் ஸ்கோப் தன் முழு பலத்தைக் காட்ட முடியாது. இருபது மடங்குக்கு இறக்கிக்கொண்டால் பொட்டு 4 மில்லிமீட்டராகி வெளிச்சம் வரும். பிறகு அறுபதுக்குக் கொடுத்த காசு எதற்கு?

அடுத்தது பார்வையின் அகலம். ஆயிரம் மீட்டர் தள்ளியிருக்கும் சரிவில் 10×42 பைனாகுலர் ஒரே பார்வையில் சுமார் 110 மீட்டர் அகலத்தைக் காட்டும். அறுபது மடங்கில் ஸ்கோப் காட்டுவது 20 மீட்டரைச் சுற்றித்தான். பரப்பாகக் கணக்குப் போட்டால் முப்பதில் ஒரு பங்கு. பைனாகுலரில் பத்து நிமிடத்தில் துழாவும் சரிவை ஸ்கோப்பில் துழாவ ஐந்து மணி நேரம். அதற்குள் மான் எழுந்து மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

மூன்றாவது, நம் சொந்த உடம்பு. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தாலே நெற்றி வலிக்கும், திறந்த கண்ணில் நீர் கட்டும். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது மூளை இரண்டு படங்களையும் சேர்த்து ஒன்றாக்குகிறது. மங்கலான விளிம்புகூடத் துலக்கமாகும், அலுப்பு குறையும். நான்கு மணி நேரம் பார்க்க வேண்டியவனுக்கு இது வெறும் சௌகரியம் என்று தள்ளிவிடக்கூடியதல்ல.

அப்புறம் கானல். பாலைவனத்தில் குளிர்காலத்தில்கூட ஒன்பது, பத்து மணிக்குத் தரை சூடேறத் தொடங்கும். அறுபது மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் மானை மட்டும் பெரிதாக்குவதில்லை, நடுவில் இருக்கும் காற்றின் நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. மான் தண்ணீருக்குள் நிற்பது போல் அலையும். கொம்பு நீளும், சுருங்கும். ஐயாயிரம் டாலர் கண்ணாடி போட்டாலும் கானலுக்கு மருந்து கிடையாது. இருபதுக்கு, முப்பதுக்கு இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கலையா, பிணையா, எத்தனை கிளை?

இதையெல்லாம் கேட்டால் ஸ்கோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அங்கேதான் சட்டம் வந்து நிற்கிறது.

தமிழில் ஆண் மானுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. கலையா பிணையா என்பது வரை ஒரு கிலோமீட்டருக்குள் பைனாகுலரே சொல்லிவிடும். ஆனால் அமெரிக்காவில் பல இடங்களில் கலை என்று தெரிந்தால் மட்டும் போதாது. வாஷிங்டன் மாநிலத்தில், மியூல் மானின் பொது வேட்டைப் பருவத்தில் கொம்பின் ஒரு பக்கத்திலாவது மூன்று கிளைகள் இருந்தால்தான் சுடலாம். கோவேறு கழுதை (மியூல்) போல் பெரிய காது கொண்டதால் அந்த மானுக்கு அப்படியொரு பெயர். பென்சில்வேனியாவில் 2002 முதல் வெண்வால் மானுக்கும் கிளைக் கணக்கு உண்டு. இளம் கலைகள் வளர்ந்து முதிர வாய்ப்புக் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். இரண்டு கிளை உள்ளதை மூன்று என்று நினைத்துச் சுட்டால் அபராதம் வரும், உரிமமும் போகலாம்.

மேற்கு மலைகளில், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, உலர்ந்த கிளைகளுக்கு நடுவே இன்னொரு உலர்ந்த கிளை போல நிற்கும் கொம்பில் மூன்றாவது முனை இருக்கிறதா என்று பார்க்கப் பத்து மடங்கு போதாது. இங்கே ஸ்கோப்புக்கு ஈடு கிடையாது. அறுபது மடங்கில் ஒன்றரைக் கிலோமீட்டர் என்பது வெறும் 25 மீட்டர். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "இது இல்லை" என்று சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் என்ன ஆகும்? பள்ளத்தில் இறங்கி, எதிர்ச்சரிவில் ஏறி, மூன்று மணி நேரம் கழித்து அதே "இது இல்லை"யைச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். ஸ்கோப் சுமக்கிறவர்களின் ஒரே வாதம் இதுதான்: ஒன்றரைக் கிலோ முதுகில் ஏறினாலும் பத்துக் கிலோமீட்டர் காலில் இறங்குகிறது. நியாயமான வாதம்.

நியாயம் மீறுகிற இடமும் உண்டு. கொம்பின் நீளத்தை அங்குலத்தில் கூட்டிப் பதிவேட்டில் சேர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் இருக்கிறது. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கழகம் வகுத்த அளவுமுறை அது. சீரான கொம்புள்ள மியூல் மானுக்கு 190 அங்குலம், கூஸ் மானுக்கு 110 அங்குலம் தேறினால்தான் அதன் சாதனைப் பட்டியலில் இடம். இந்தப் பித்து ஏறியவர்களுக்கு ஸ்கோப் ஒரு கௌரவப் பொருளாகிவிட்டது. கண் வைக்கும் இடத்தில் செல்போனை மாட்டிப் படம் பிடித்து, ராத்திரி கூடாரத்தில் பெரிதாக்கி அங்குலம் எண்ணுகிறார்கள். மானைப் பார்த்தார்களா, கொம்பை மட்டும் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.

இதே கழகம்தான் 'நேர்மையான வேட்டை' என்ற நெறியையும் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கருவிகள் கூடக்கூட அந்த வாய்ப்பு குறைகிறதே என்ற கவலையில்தான் அரிசோனா, வேட்டைக்காகக் காட்டில் தானியங்கிக் கேமரா கட்டுவதை 2022 ஜனவரி முதல் தடை செய்தது. ஸ்கோப்பும் பைனாகுலரும் அந்தத் தடையில் வரவில்லை. அவற்றின் பின்னால் ஒரு மனிதன் உட்கார்ந்து விழிக்க வேண்டியிருக்கிறதே!

ஸ்காட்லாந்துக் கிழவர்களின் பித்தளைக் குழல்

இந்த வழக்கு அரிசோனாவில் பிறந்ததல்ல. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் செம்மான் வேட்டைக்கு வழிகாட்டிய எஸ்டேட் ஊழியர்கள் தோலுறை போட்ட பித்தளைத் தொலைநோக்கியைத்தான் வைத்திருந்தார்கள். இழுத்தால் நீளும், தள்ளினால் கைக்குள் அடங்கும். முக்காலி கிடையாது. ஈரப் புல்லில் மல்லாந்து சாய்ந்து, முழங்காலை மடக்கி, குழலின் நுனியைக் காலிலும் கைத்தடியிலும் முட்டுக்கொடுத்துக்கொண்டு பார்ப்பார்கள். மரம் இல்லாத மலை, மூடுபனி, தூறல். அதற்குள் ஒரு கொம்பு நுனி எங்கே அசைகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அங்கே வேட்டைத் துணையாளுக்கு 'கில்லி' என்று பெயர். நம்மூர்க் கில்லிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. என்றாலும் அந்த வேலையில் அவர்கள் கில்லிகள்தான். 1900-இல் தென்னாப்பிரிக்காவின் போயர் போருக்காக லோவட் பிரபு ஒரு படையைத் திரட்டியபோது, இப்படி மலையில் மான் தேடிப் பழகியவர்களைத்தான் சேர்த்தார். லோவட் ஸ்கவுட்ஸ் என்ற அந்தப் படையின் பெரிய ஆயுதம் அவர்களுடைய தொலைநோக்கி. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலும் எதிரியின் நடமாட்டத்தைக் கவனிக்க இவர்களை உட்கார வைத்தார்கள்.

வரலாற்றில் ஒற்றைக் குழல்தான் முந்தி வந்தது. இத்தாலியரான இக்னாசியோ போரோ, தலைகீழாக விழும் பிம்பத்தை முப்பட்டகக் கண்ணாடிகளால் நிமிர்த்தும் முறைக்கு 1854-இல் காப்புரிமை வாங்கினார். நீளமான குழலை மடித்துக் குட்டையாக்க அது வழிவிட்டது. ஆனாலும் நல்ல கண்ணாடி கிடைக்க நாற்பது ஆண்டு ஆனது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 1894-இல் முப்பட்டகப் பைனாகுலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குப் பைனாகுலரின் அருமையை ஓயாமல் எடுத்துச் சொன்னவர்களில் ஜாக் ஓ'கானர் முக்கியமானவர். டூசானில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுத்தவர், 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையில் துப்பாக்கிப் பகுதி ஆசிரியர். கூஸ் மான் வேட்டை அவருக்கு உயிர்.

முக்காலியில்தான் விஷயம்

இரண்டு கட்சிக்கும் நடுவே அரிசோனாக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 15×56 பைனாகுலரை முக்காலியில் மாட்டு. ஒற்றைக் கண் வலி இல்லை, பார்வை அகலம் அறுபது மடங்கு அளவுக்குச் சுருங்கவில்லை, வெளிச்சப் பொட்டும் 3.7 மில்லிமீட்டர். பைனாகுலர் வேலையையும் ஸ்கோப் வேலையில் பாதியையும் அதுவே பார்த்துவிடுகிறது.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது முக்காலியைத்தான். பத்து மடங்கு கருவி மானைப் பத்து மடங்கு கிட்டத்தில் கொண்டுவருவது மாதிரி, கையின் நடுக்கத்தையும் பத்து மடங்காக்குகிறது. மூச்சு விட்டால் மலையே ஆடும். கையில் பிடித்துப் பார்ப்பவன் நிற்கிற மானை, நடக்கிற மானைப் பார்ப்பான். படுத்திருக்கும் மானின் காது மட்டும் ஒரு தடவை ஈயை விரட்ட அசைவதைப் பார்க்க வேண்டுமானால் காட்சி அசையாமல் நிற்க வேண்டும். கையில் பிடித்த விலையுயர்ந்த கண்ணாடியைவிட முக்காலியில் நிற்கும் நடுத்தரக் கண்ணாடி அதிக மான் காட்டும். சந்தேகமிருந்தால் மொட்டை மாடியில் சோதித்துப் பாருங்கள். தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைக் கையில் பிடித்துப் படியுங்கள், பிறகு சுவரில் ஊன்றிப் படியுங்கள்.

தேடுவதற்கும் முறை இருக்கிறது. சரிவை வயல் உழுவது போல் வரிசை வரிசையாகப் பிரித்துக்கொள்வார்கள். மேல் வரிசையில் இடமிருந்து வலம், அப்புறம் ஒரு படி கீழே, வலமிருந்து இடம். முழு மானைத் தேடுகிறவனுக்கு மான் கிடைக்காது. நிமிர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு கிடைக்கோடு, அது முதுகு. கறுப்பாக ஒரு மினுக்கம், அது மூக்கு. பார்த்து முடித்த வரிசையை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் பாறைக்குப் பின்னால் இருந்தது இப்போது முன்னால் வந்திருக்கும். உச்சிவெயில் நேரத்தில் எழுந்து போய்விடுகிறவர்கள் ஏமாந்தவர்கள். நிழல் நகர்ந்து வெயில் மேலே விழும்போது படுத்திருக்கும் மான் எழுந்து, நாலடி தள்ளிப் புது நிழலில் படுக்கும். அந்த அரை நிமிடம்தான் பரிசு.

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் இந்த வழக்கே கிடையாது. விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் அடர்ந்த காட்டில், மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். மான் வந்தால் ஐம்பது, நூறு மீட்டரில் வரும். அங்கே ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். 8×42 தாராளம்.

ஒரு குற்றத்தைச் சொல்லாமல் விட முடியாது. துப்பாக்கி மேலேயே ஒரு தொலைநோக்கி இருக்கிறதே, தனியாக எதற்கு என்று சிலர் அதையே கண்ணில் வைத்து மலையைத் துழாவுவார்கள். நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதை நோக்கிக் குழாய் திரும்பியிருக்கிறது. எதிர் மேட்டில் அசைந்தது இன்னொரு வேட்டைக்காரர் என்றால்? பாதுகாப்பு வகுப்பில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று, சுடத் தீர்மானிக்காத எதன் மேலும் துப்பாக்கிக் குழாய் திரும்பக் கூடாது என்பது. பைனாகுலர் வாங்கக் காசு இல்லை என்பவருக்குத் துப்பாக்கி வாங்கக் காசு எப்படி வந்தது?

நம் மலையில்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். ஒரு காலத்தில் இங்கும் அது துரைமார்களின் பொழுதுபோக்காக இருந்தது. 1877-இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்கவென்று அவர்கள் தொடங்கிய சங்கம், இன்று வேட்டையை விட்டுவிட்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கமாக ஊட்டியில் இருக்கிறது.

ஆனால் அரிசோனாவில் நடக்கும் அதே துழாவல் நம் மலையிலும் நடக்கிறது. இங்கே தேடுவது வரையாடுகளை. பாறையின் நிறம், செங்குத்துச் சரிவு, மூடுபனி. 1975-இல் குன்னூர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் மலை மலையாக நடந்து அவற்றைக் கணக்கெடுத்தார். 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 1,303 வரையாடுகள் தேறின. முந்தைய ஆண்டு 1,031. ஒரே சரிவை இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்து எண்ணி, ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை இன்னொருவர் பிடிக்கும் முறையும் அதில் உண்டு. வரையாட்டைப் பாறையிலிருந்து பிரித்தறிவதும் கூஸ் மானை ஓக் நிழலிலிருந்து பிரித்தறிவதும் ஒரே வித்தைதான். முடிவில் ஒருவர் நோட்டில் கோடு போடுகிறார், இன்னொருவர் துப்பாக்கி உறையைத் திறக்கிறார்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது என்ன வாங்கிவரட்டும் என்று கேட்டால், அல்லது வால்பாறைக்கும் வேடந்தாங்கலுக்கும் போக நீங்களே ஒன்று வாங்க நினைத்தால், என் தீர்ப்பு இது. முதலில் 8×42 பைனாகுலர், கை நடுக்கம் இல்லாதவர் 10×42. மிச்சக் காசில் ஆடாத ஒரு முக்காலி, அதோடு பைனாகுலரை அதில் மாட்டும் சின்னத் திருகு. ஏரியின் அக்கரையில் நிற்பது எந்த வாத்து என்று தெரியாமல் இரண்டு வருடம் தூக்கம் கெட்ட பிறகு, ஸ்பாட்டிங் ஸ்கோப்பைப் பற்றி யோசியுங்கள்.